நோன்பும் தராசும்

கடல் கடந்து ஊர் திரும்ப ஆயத்தமாகும் குடும்பங்களைப் பற்றி ஒரு கருத்து

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. தமிழ்நாட்டில் உள்ள முகாம் ஒன்றிலிருந்து ஒரு தாய் பேசினார். அவருடைய மாமியாரின் தம்பி குடும்பம் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எமது பங்கு எல்லைக்குள் இருக்கிறது. அந்த உறவைக் கொண்டு என்னுடைய இலக்கத்தைத் தேடிப் பிடித்திருந்தார்.

“ஐயா, மூணு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோன்பு இருந்து வேண்டிக்கிட்டு வர்றோம். பாட்டி ஊருக்குப் போயிறணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஆண்டவர் வழி காட்டுவார்னு நம்பிக்கை இருக்கு. வர்ற மாசியில கெளம்பிறலாம்னு இருக்கோம்” என்றார்.

“பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தாயிற்றா?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அது இன்னும் இல்லீங்க ஐயா. அதெல்லாம் அவர் பாத்துக்குவார்” என்றார்.

இந்தப் பதிலை நான் குறை சொல்லவில்லை. இரண்டு முறை வீடிழந்து, ஒரு முறை கடல் கடந்து, முப்பது வருடங்களுக்கு மேல் முகாமில் காலம் தள்ளிய குடும்பத்துக்கு விசுவாசம் ஒன்றுதான் யாரும் பறிக்க முடியாத சொத்து. ஆயினும், ஆண்டவரிடம் ஒப்படைப்பது என்றால் என்ன என்பதை நாம் ஒன்றுகூடிச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இந்த இதழை வாசிக்கும் நீங்கள் அநேகமாக எல்லோருமே ஒரு தடவையாவது இரவோடு இரவாக மூட்டை கட்டியவர்கள். கலவரத்துக்குப் பயந்து கட்டியவர்கள் உண்டு. யுத்தத்துக்குப் பயந்து கட்டியவர்கள் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகு கட்டியவர்களும் உண்டு. எனவே உங்களுக்கு இது அந்நியமான விஷயமல்ல.

அந்தக் குடும்பம் நடந்த பாதை

அந்தப் பாட்டி பிறந்தது ஊவாவில். தகப்பன், தாத்தா எல்லோரும் அதே மலையில் தேயிலை நட்டுக் கொழுந்து எடுத்தவர்கள். 1977ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர் நடந்த வன்செயல் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தபோது, கணவனோடும் கைக்குழந்தையோடும் வவுனியாப் பக்கம் போனார். அன்று மலைநாட்டிலிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், கச்சானும் உழுந்தும் போட்டார்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்த தலை மண்வெட்டிக்குப் பழகியது. முதல் தடவையாகத் தம்முடையது என்று சொல்ல ஒரு துண்டு நிலம் இருந்தது. ஆனால் அநேகம் பேருக்கு அந்த நிலத்துக்கு உறுதியும் இல்லை, பேர்மிட்டும் இல்லை.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து உள்நாட்டு முகாம். அங்கேதான் மகனுக்குக் கலியாணம் நடந்தது. பேரப்பிள்ளைகள் இருவரும் அங்கேதான் பிறந்தார்கள். தாத்தா அங்கேதான் அடக்கமானார்.

இப்போது பாட்டிக்கு ஒரேயொரு ஆசை. தன் தாய் கிடக்கும் மலையடிவாரத்துக் கல்லறைத் தோட்டத்தில் தானும் கிடக்க வேண்டும். பேத்திக்கோ வேறொரு கேள்வி. அவள் பிளஸ் டூ படிக்கிறாள். தாயிடமிருந்து தொலைபேசியை வாங்கி அவள் கேட்டாள்: “ஐயா, எல்லாரும் ‘திரும்பிப் போறோம்’னு சொல்றாங்க. நான் அங்க இருந்ததே இல்லையே. நான் எப்படித் திரும்புறது?”

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இதே கேள்வியை எதிர்ப் பக்கமாகக் கேட்டவர்கள் எமது தோட்டங்களில் இருந்தார்கள்.

முன்பு ஒரு தடவை ‘தாயகம் திரும்பினோம்’

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. அதன் பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் நாடற்றவர்கள் என்று கணக்கிட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் தீர்மானித்தார்கள். மீதியிருந்த 1,50,000 பேரை 1974இல் செய்த இன்னுமொரு ஒப்பந்தத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து நிறுப்பதுபோல் மக்களை நிறுத்துப் பங்கிட்டார்கள் என்றால் தவறில்லை. நிறுக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு பயணம் தொடங்கியது. பதுளையிலும் பண்டாரவளையிலும் தெமோதரையிலும் கோச்சி ஏறித் தலைமன்னார் போனார்கள். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத அழுகையினால் அதற்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் வந்தது. தலைமன்னாரில் கப்பல், மறு கரையில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அங்கே அரச பதிவேட்டில் அவர்களுக்குக் கொடுத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் மிகப் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அங்கே இறங்கியதும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

அங்கே ஏற்பாடு ஒன்றுமே இருக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே நீலகிரியில் அரச தேயிலைத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. அவைதான் பின்னர் ‘டேன்டீ’ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. சிறு வியாபாரக் கடன், நூற்பாலை வேலை என்று வேறு திட்டங்களும் இருந்தன. ஆனால் கொழுந்து எடுக்க மட்டுமே தெரிந்தவர் கையில் வியாபாரக் கடனைக் கொடுத்து, மழையில்லாத ஊரில் இறக்கிவிட்டால் என்ன நடக்கும்? பணம் முதலில் கரைந்தது, பிறகு கடன் வந்தது. எத்தனையோ பேர் மறுபடியும் மலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலி வேலைக்கு ஏறினார்கள்.

1984இல் யுத்தம் காரணமாகக் கப்பல் நின்றது. பாத்திரம் பண்டம் எல்லாம் விற்று, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் லயத்திலேயே நின்றுபோனார்கள். அண்ணன் அக்கரையில், தம்பி இக்கரையில் என்று பிரிந்த குடும்பங்கள் எமது பங்கில் இன்றும் உண்டு.

இந்தப் பழைய கதையை இங்கே ஏன் சொல்கிறேன்? அன்றும் எமது மக்கள் செபமாலையோடும் வேதப்புத்தகத்தோடும்தான் கோச்சி ஏறினார்கள். அவர்களுடைய விசுவாசத்தில் குறையிருக்கவில்லை. எங்கே போகிறோம், அங்கே என்ன இருக்கிறது, எந்தத் தொழில் செய்வோம் என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் குறை. இன்று திரும்பி வரும் குடும்பமும் அதே குறையோடு கப்பலிலோ விமானத்திலோ ஏறக்கூடாது என்பதே என் கருத்து.

ஆற்றங்கரையில் எஸ்ரா செய்தது

வேதாகமத்தில் எஸ்ராவின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தை எடுத்து, குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். அந்நிய நாட்டில் சிறையிருப்பாய் இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எருசலேமுக்குத் திரும்பும் கதை அது. எருசலேமைக் காணாதவர்கள்தான் அவர்களிலும் அநேகர். எஸ்ரா அவர்களை அகாவா ஆற்றங்கரையில் கூட்டி மூன்று நாள் பாளயமிறங்க வைக்கிறார்.

முதலில் அவர் செய்தது ஆட்களைப் பார்வையிட்டதுதான். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார். லேவியர் ஒருவரும் இல்லை என்று தெரிகிறது. உடனே ஆளனுப்பி வரவழைக்கிறார். அதற்குப் பின்னரே நோன்பு அறிவிக்கிறார். தங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் தங்கள் பொருட்களுக்காகவும் பாதுகாப்பான வழியைக் கேட்டு எல்லோரும் தாழ்ந்து வேண்டுகிறார்கள். கடவுள் காப்பார் என்று ராஜாவிடம் சொல்லியிருந்தபடியால் படைவீரரைக் கேட்க எஸ்ராவுக்கு வெட்கமாயிருந்தது. அத்தனை பெரிய நம்பிக்கை அவருக்கு.

நோன்பு முடிந்தவுடன் அந்த நம்பிக்கையாளர் செய்த அடுத்த வேலையைக் கவனியுங்கள். தராசை எடுத்து வைக்கிறார். வெள்ளியையும் பொன்னையும் பாத்திரங்களையும் நிறுத்து, பன்னிரண்டு பேரைப் பொறுப்பாக்கி அவர்கள் கையில் ஒப்படைக்கிறார். எருசலேம் போய்ச் சேர்ந்து மூன்று நாள் இளைப்பாறி, நாலாம் நாள் மறுபடியும் நிறுத்துப் பார்க்கிறார்கள். எண்ணிக்கையும் நிறையும் சரியாக இருக்கிறது. எல்லாம் எழுதி வைக்கப்படுகிறது.

தராசு என்றால் எமக்கு நல்ல ஞாபகம் வராது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழித்த தராசுதான் எமக்குத் தெரிந்தது. ஆனால் எஸ்ராவின் தராசு வேறு. அது மக்களை ஏமாற்றுவதற்கான தராசல்ல, மக்கள் ஏமாறாமல் இருப்பதற்கான தராசு. நோன்பு இருந்தவர் கையிலேதான் அது இருந்தது. நோன்பு ஒரு கையிலும் தராசு மறு கையிலும் இருப்பதே முழு விசுவாசம் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன்: “அம்மா, வெள்ளிக்கிழமை நோன்பை விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை தராசை எடுங்கள்.”

எதை நிறுப்பது?

முதலாவது, பத்திரங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் பிரசாவுரிமை தந்தது. நாட்டை விட்டு இந்தியாவுக்குப் போக நேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்வதற்காக 2009இல் அது திருத்தப்பட்டது. அப்போது தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த மலையக வம்சாவளியினர் 28,000க்கு மேற்பட்டோர் என்று கணக்கிடப்பட்டது. ஆக, சட்டத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு தானாக ஒருவரையும் உள்ளே இழுக்காது. இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் வழியாக இலங்கைப் பிரசாவுரிமை பெற வேண்டுமானால், அந்தப் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். தாய் தகப்பனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, முகாம் பதிவு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பத்திரத்தில் ‘மரியாயி’, இன்னொன்றில் ‘மேரி’ என்று இருந்தாலே மாதக் கணக்கில் இழுபடும்.

இங்கே பங்குக் கோவில்கள் பெரிய உதவி செய்யலாம். தோட்டத்தில் பிறந்த பலருடைய பிறப்பு ஒழுங்காகப் பதியப்படவில்லை, ஆனால் ஞானஸ்நானம் பதியப்பட்டிருக்கிறது. பழைய ஞானஸ்நானப் புத்தகத்தின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் நாட்டையே தீர்மானிக்கக்கூடும். முகாம்களில் இந்த வேலையில் உதவ, 1980களில் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் உண்டு. அவர்களிடம் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் தரகரிடம் கேட்காதீர்கள்.

இரண்டாவது, வழி. படகில் களவாகப் போவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வெளியேறும் அனுமதி, பயணப் பத்திரம் இரண்டும் கையில் இருக்க வேண்டும். 2025 மே மாதத்தில், திரும்பி வந்து பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவர், முன்பு உரிய பத்திரமின்றி நாட்டை விட்டுப் போனார் என்பதற்காகக் கைதுசெய்யப்பட்டார். உயிருக்குப் பயந்து ஓடியவரை வீடு திரும்பும்போது பிடிப்பது என்ன நியாயம் என்று அப்போது பலரும் கேட்டார்கள். நானும் கேட்கிறேன். யுத்தத்தில் தப்பியோடியது குற்றமல்ல என்பதை அரசாங்கம் எழுத்தில், ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்ய வேண்டும். ஆனாலும் பயணப்படும் குடும்பம், டிக்கெட் வாங்கும் முன்பே நிலைமை என்னவென்று அதிகாரபூர்வமான இடத்தில் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, தலை சாய்க்க இடம். பாட்டியின் தம்பி, “வாங்க அக்கா, இருக்கிறதில ஒண்டிக்குவோம்” என்கிறார். அந்த மனசு பெரியது. காம்பிராவோ சிறியது. லயம் அவருடையதுமல்ல, தோட்டத்துடையது. 1992 தொடக்கம் தோட்டங்களைக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. செக்ரோலில் பெயரில்லாதவர் குடும்பத்தோடு வந்து தங்கினால் இன்று இல்லாவிட்டாலும் நாளை கேள்வி வரும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மீரியபெத்தைக்குப் பிறகு 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. ‘ஊர் அப்படியே இருக்கும்’ என்று பாட்டியின் மனம் சொல்லலாம். போக இருக்கும் லயம் மண்சரிவு அபாயமுள்ள இடமா என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்காமல் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது.

நான்காவது, தொழிலும் காணியும். வவுனியாவில் விட்டுவந்த அந்தத் துண்டு நிலம் என்னவாயிற்று? வேறு யாராவது இருக்கிறார்களா? அது அரச காணியா, காடாகிவிட்டதா? இதைப் போய்ப் பார்க்க வீட்டில் ஒருவர் முதலில் தனியாக வரட்டும். மோசே கானானைப் பார்வையிட ஆட்களை அனுப்பவில்லையா? ஒரு மாதம் நின்று, பதுளையிலும் வவுனியாவிலும் பார்த்து, கூலி என்ன, அரிசி என்ன விலை, வாடகை என்ன என்று எழுதிக்கொண்டு போய் வீட்டில் எல்லோருக்கும் சொல்லட்டும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் படிப்பு. பிளஸ் டூ நடுவில் ஒரு பிள்ளையைப் பிடுங்கி நடக்கூடாது. தேயிலைக் கன்றைக்கூட மழைக்காலம் பார்த்துத்தானே நாற்றுமேடையிலிருந்து எடுக்கிறோம்? பரீட்சை முடியட்டும். சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம் கையில் வரட்டும். அங்கே படித்ததற்கு இங்கே என்ன மதிப்பு என்பதை முன்கூட்டியே கேளுங்கள். சிங்களம் தெரியாமல் ஊவாவில் வேலை தேடுவது கஷ்டம். புறப்படும் முன்பே எழுத்துக்கூட்டப் பழகினால் அதுவும் ஓர் ஆயத்தம்தான்.

பானைக்குள் வைத்த பத்திரம்

“இவ்வளவையும் செய்தால் ஆண்டவருக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு எரேமியாவைக் காட்டுவேன். நகரத்தை எதிரி முற்றுகையிட்டிருக்கிறான், எரேமியாவோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருந்த ஒரு வயலைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகளை வைத்துக் கையெழுத்திடுகிறார், வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், உறுதிப் பத்திரத்தை நெடுநாள் இருக்கும்படி மண்பானைக்குள் வைக்கச் சொல்கிறார். மீண்டும் இந்த நாட்டில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவர் கொடுத்த உருவம் ஒரு காணி உறுதி.

காணி உறுதி இல்லாததால் காணியை இழந்தவர்களுக்கு இதைவிட நல்ல பிரசங்கம் வேண்டுமா? பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தகரப் பெட்டியில் வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுங்கள். அந்தப் பெட்டியைச் செபிக்கும் இடத்திலேயே வைத்தாலும் தகும்.

திரும்பாதவர்களைப் பற்றி

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திரும்பி வருவது விசுவாசம், அங்கேயே இருந்துவிடுவது விசுவாசக் குறைவு என்று யாரும் பேசவேண்டாம். அதே எரேமியாதான் சிறையிருப்பில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கும் ஊரின் நன்மைக்காக வேண்டுங்கள் என்றார். இரண்டு வருடத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் என்று சொன்ன அனனியாவைப் பொய்த் தீர்க்கன் என்றார். மக்களுக்குப் பிடித்ததைச் சொன்னவன் அனனியா, உள்ளதைச் சொன்னவர் எரேமியா.

அங்கே நிலைமை எளிதல்ல. 2019இல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கையிலிருந்து போனவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம் என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, புதிய வீடுகள் கட்டித் தரவும் தொடங்கியது. முகாமிலேயே பிறந்து, படித்து, தொழில் பழகிய இளைஞர் ஒருவர் அங்கேயே வாழ விரும்பினால் அவருடைய காரணமும் நியாயமானதுதான். பாட்டியின் ஆசையும் பேத்தியின் கேள்வியும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒன்றை அடக்கி மற்றொன்றை நிறைவேற்றுவது செபத்துக்குப் பதிலாகாது. பேத்தியையும் உட்கார வைத்துக் கேட்டு முடிவெடுக்கும் வீட்டில்தான் ஆண்டவர் பேசுவார் என்று நான் நம்புகிறேன்.

இக்கரையில் நமது கடமை

ஆயத்தம் அவர்களுக்கு மட்டுமல்ல, எமக்கும் உண்டு. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டு விவசாயக் குடும்பங்கள் யுத்தத்தால் மெக்சிக்கோவுக்கு ஓடி, அங்கே முகாம்களில் இருந்தார்கள். ‘வாருங்கள்’ என்று அரசாங்கம் கூப்பிட்டவுடன் அவர்கள் புறப்படவில்லை. தமக்குள்ளே ஆணைக்குழுக்களைத் தெரிந்தெடுத்து, தாமே அரசாங்கத்தோடு பேசி, 1992 ஒக்டோபர் 8ஆம் திகதி ஓர் உடன்படிக்கை செய்தார்கள். விருப்பத்தின்படி மட்டுமே திரும்புவது, கூட்டமாகத் திரும்புவது, கூடவே சாட்சிகள் வருவது, காணி கிடைப்பது எல்லாம் அதில் எழுதப்பட்டன. 1993 ஜனவரியில் முதற் கூட்டம் திரும்பியது. பிறகும் கஷ்டங்கள் இருந்தன. ஆனால் அவர்கள் அனுப்பப்பட்டவர்களாகப் போகவில்லை, தீர்மானித்தவர்களாகப் போனார்கள். 1964இல் எமக்குக் கிடைக்காதது அதுதான்.

எமது பங்குகளும் தோட்டத்துக் குடும்பங்களும் இவற்றைச் செய்யலாம். அக்கரையில் உறவு உள்ள குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு பங்கிலும் எழுதலாம். ஞானஸ்நானப் புத்தகங்களைத் தேடிப் பிரதி கொடுக்க ஒருவரை நியமிக்கலாம். வந்து சேர்ந்த குடும்பத்தோடு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் பாடசாலைக்கும் ஒரு சகோதரி கூடப் போகலாம். அடையாள அட்டை கிடைக்கும்வரை அந்தக் குடும்பத்தைக் கைவிடாமல் இருக்கலாம். முதல் மூன்று மாத அரிசிக்கு ஒரு சிறு நிதி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, “இந்தியாவில இருந்து வந்ததுங்க” என்று பிள்ளைகளை நாம் ஒதுக்காமல் இருக்க வேண்டும். 2023இல் மலையக மக்களின் இருநூறு வருட வரலாற்றை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பாதயாத்திரை போனோம் அல்லவா? அந்தப் பாதையிலே இன்று ஒரு குடும்பம் வந்தால், கதவைத் திறக்க நாம் தயாரா?

சென்ற கிழமை அந்தத் தாய் மறுபடியும் பேசினார். மாசிப் பயணத்தை ஒத்திவைத்துவிட்டார்களாம். பேத்தியின் பரீட்சை முடிந்த பிறகு, மகன் மட்டும் முதலில் வந்து பார்ப்பதாக முடிவாம். இரண்டு பிள்ளைகளின் பிறப்பையும் பதியக் கொடுத்தாயிற்று. பாட்டிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அவருடைய வயதுக்குக் காத்திருப்பு என்பது சிறிய விஷயமல்ல என்பது எனக்கும் தெரியும். அவரிடமும் பேசினேன்.

“ஒங்க அம்மாவோட ஞானஸ்நானத்தைப் பழைய புத்தகத்துல கண்டுபிடிச்சிட்டோம் பாட்டி. ஒங்களோடதும் இருக்கு” என்றேன்.

“எம் பேரு இருக்கா?” என்று கேட்டார். “இருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, “அப்ப நான் காத்துக்கிட்டு இருக்கேன்ப்பா. பத்தரமா எடுத்து வையி” என்றார்.

அந்த வரியைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறோம். மூலப் புத்தகம் இங்கே பெட்டியில் இருக்கிறது. அவர்கள் நோன்பு இருக்கட்டும். அக்கரையில் அவர்களும் இக்கரையில் நாமுமாகத் தராசைப் பிடிப்போம். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.